மாப் கணக்கு இடிக்கிறது: சர்ஜனிடம் எத்தனை தடவை சொல்லலாம்?

புதுசா சேர்ந்தவள் | ஜூன் 3, இரவு 11.40

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தியேட்டர் ஸ்டாஃபாகச் சேர்ந்திருக்கிறேன். இன்று ஒரு சிசேரியன். கர்ப்பப்பை தைத்து முடித்ததும் எண்ணினேன். ரத்தம் ஒற்றி எடுக்கும் துணி, அதாவது மாப், ஒன்று குறைந்தது. "சார், ஒரு மாப் குறையுதோன்னு நினைக்கிறேன்" என்றேன். "ஒழுங்கா எண்ணும்மா, நான் உள்ள எதையும் விடல" என்று சொல்லிவிட்டு மேலே தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் திரும்ப வாய் திறக்கவில்லை. கடைசியில் அது பக்கெட்டுக்குப் பின்னால் கிடந்தது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவை சொல்றது கடமை, ரெண்டாவது தடவை சொன்னா அது வரம்பு மீறல்" என்கிறார். அக்காக்களே, அப்படித்தானா?

தியேட்டர் அக்கா | ஜூன் 4, காலை 6.20

அப்படி இல்லை. எத்தனை தடவை வைத்தோம் என்று நோட்டில் எழுதிவைக்க இது மொய் இல்லை தங்கச்சி. கணக்கு சரியாகும்வரை சொல்ல வேண்டும். அல்லது "தெரியும், இருந்தாலும் மூடுகிறேன்" என்று அவர் வாயால் சொல்லும்வரை.

நைட் டியூட்டி முடிந்து கிளம்புகிறேன். தூங்கி எழுந்து மீதி.

தியேட்டர் அக்கா | ஜூன் 4, மாலை 4.05

உன் இன்சார்ஜ் சொன்ன 'வரம்பு' என்கிற பேச்சை நான் ஒதுக்கவில்லை. தியேட்டரில் வரம்பு உண்டு, இருக்கவும் வேண்டும். எங்கே வெட்டுவது, எப்போது மூடுவது, ரத்தம் ஏற்றலாமா வேண்டாமா, இதெல்லாம் அவர் முடிவு. அதில் நான் மூக்கை நுழைத்தால் தப்பு என் பேரில். ஆனால் மாப், காஸ் துணி, ஊசி, கருவி எண்ணிக்கை யார் பொறுப்பு? ஸ்க்ரப்பில், அதாவது சர்ஜன் பக்கத்தில் கருவி எடுத்துக் கொடுத்து நிற்கிறவளும், வெளியே நின்று சாமான் எடுத்துத் தருகிற சர்க்குலேட்டிங் ஸ்டாஃபும். கையெழுத்துப் போடுவது நாம்தான். ஆக, அது உன் எல்லைக்குள் வருகிற சமாச்சாரம். இரண்டாவது தடவை சொல்வதால் நீ அவர் எல்லைக்குள் போகவில்லை, உன்னுடையதில் நிற்கிறாய்.

அப்புறம் அந்த 'நினைக்கிறேன்'. அதை எடுத்துவிடு. பத்து வைத்தோம், ஒன்பது இருக்கிறது என்றால் அதில் நினைப்பதற்கு என்ன இருக்கிறது? நீ 'குறையுதோன்னு நினைக்கிறேன்' என்றதும் அவர் காதில் விழுவது "இந்தப் பொண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை" என்பது. அவர் பதிலும் அப்படியேதான் வந்தது, பார்த்தாயா? மரியாதைக்காக நாம் சேர்க்கிற சொல் செய்தியையே தின்றுவிடுகிறது.

இப்படிச் சொல்லிப் பார்: "சார், மாப் பத்து வெச்சோம், ஒன்பதுதான் இருக்கு. ரெண்டு பேரும் எண்ணிட்டோம். ஷீத் மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள பாருங்க." (ஷீத் என்றால் வயிற்றுத் தசையைப் பொதிந்திருக்கும் உறை.) சார் இருக்கிறது, பாருங்க இருக்கிறது. எந்த மரியாதை குறைந்தது?

தியேட்டர் அக்கா | ஜூன் 4, மாலை 4.30

முக்கியமானது விட்டுப்போனது. 'ரெண்டு பேரும் எண்ணிட்டோம்' என்பது நிஜமாக இருக்க வேண்டும். ஒருத்தி எண்ண இன்னொருத்தி தலையாட்டுவது எண்ணிக்கை ஆகாது. இரண்டு பேரும் ஒன்றாக, வாய்விட்டு, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து எண்ண வேண்டும். நனைந்த மாப் இரண்டு ஒட்டிக்கொண்டால் ஒன்றாகத் தெரியும். சிசேரியனில் நஞ்சுக்கொடி வைத்த பாத்திரத்தையும் கிளறிப் பார். அடிக்கடி அங்கேதான் ஒளிந்திருக்கும். அழுக்குத் துணி மூட்டை, பக்கெட், மேசைக்கு அடியில், யாராவது செருப்பில் மிதித்துக்கொண்டு நிற்கிறார்களா, எல்லாம் பார். ஆனால் தேடி முடிக்கும்வரை மூடுவதை நிறுத்தச் சொல்லாமல் இருந்துவிடாதே. தேடுவதும் சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அதற்குத்தான் வெளியே ஒருத்தி நிற்கிறாள்.

தியேட்டர் அக்கா | ஜூன் 5, காலை 9.10

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிசேரியனில் முதுகில் ஊசி போட்டு அந்தம்மா முழிச்சுக்கிட்டுத்தானே இருப்பாங்க? காதில் விழாதா?"

நல்ல கேள்வி. எல்லாரும் சர்ஜனின் வரம்பையே பேசிக்கொண்டிருக்கிறோம், துணிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவளை யாரும் நினைக்கவில்லை. ஸ்பைனலில் வலி தெரியாது, காது நன்றாகக் கேட்கும். "ஐயோ மாப்பைக் காணோம்" என்று நீ அலறினால் குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நெஞ்சு என்ன ஆகும்?

நாங்கள் எங்களுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு: "சார், கவுண்ட் முடியல, நிறுத்துங்க." அவ்வளவுதான். 'முடியல' என்றால் குறைகிறது என்று உள்ளே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். எண்ணிக்கையைப் பலகையில் காட்டிவிடலாம். ஆனால் இந்த ஏற்பாடு கேஸ் ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கும் புரியாது, உனக்கும் தைரியம் வராது.

அவளுக்குத் தெரியாமல் மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டி வந்தால் ஏன் என்று அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை நிதானமாக, டாக்டர் சொல்ல வேண்டும்.

தியேட்டர் அக்கா | ஜூன் 5, இரவு 10.50

இந்த இழையில் பாதிப் பேர் "தைரியம் இல்லாத நர்ஸுங்க" என்று எழுதுவதால் ஒரு கதை. கதை என்றால் நடந்த கதை, இங்கிலாந்தில்.

2005 மார்ச் 29. எலெய்ன் பிரோமிலி, 37 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். சைனஸுக்குச் சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. ட்யூப் போட முடியவில்லை, மாஸ்க் வைத்தும் காற்று இறங்கவில்லை. இந்த நிலைமைக்குப் புத்தகத்தில் வழி இருக்கிறது: கழுத்தில் துளை போட்டு நேராகக் காற்றைக் கொடு. அங்கே நின்ற அனுபவசாலிகளான டாக்டர்கள் அதைச் செய்யாமல் திரும்பத் திரும்ப ட்யூப் போடவே முயன்றார்கள். ஆக்சிஜன் இறங்கிக் கிடக்க நிமிஷங்கள் ஓடின.

இப்போது நர்ஸுகள் பக்கம். ஒரு நர்ஸ் கழுத்தில் துளை போடும் செட்டைக் கொண்டுவந்து, "செட் தயார்" என்று அறிவித்தார். யாரும் திரும்பவில்லை. இன்னொருவர் ஐசியூவில் படுக்கை இருக்கிறதா என்று போன் போட்டு ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். "எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பது போலப் பார்த்தார்கள். அவர் போய் அதை ரத்து செய்துவிட்டார். எலெய்ன் கண் விழிக்கவே இல்லை. 13 நாள் கழித்து இறந்தார்.

இரண்டு நர்ஸுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் வாயும் திறந்தார்கள், காலும் ஓடியது. அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 'செட் தயார்' என்பது ஒரு குறிப்பு. புரிந்துகொள்ளுங்கள் என்று ஓரமாக வைத்துவிட்டு நகர்வது. 'கழுத்தில் போடுங்க டாக்டர், ஆக்சிஜன் இறங்கிடுச்சு' என்பதுதான் சொல்வது. முட்டிக்கொண்டு நிற்கிறவர் மண்டையில் குறிப்பு ஏறாது. நாலு பேர் திறமையாக இருந்தும் எல்லாருக்கும் பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும்.

அவருடைய கணவர் மார்ட்டின் ஒரு விமானி. அவர் வழக்குப் போட்டு யாரையும் தொங்கவிட வேண்டும் என்று நிற்கவில்லை. "எங்கள் தொழிலில் இப்படி ஆனால் ஏன் ஆனது என்று விசாரிப்போமே, இங்கே ஏன் இல்லை?" என்று அவர் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. 2007-ல் இதற்காகவே ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

தியேட்டர் அக்கா | ஜூன் 6, காலை 7.00

"அக்கா நீங்க என்ன இங்கிலாந்தில் வேலை பார்த்தீங்களா" என்று கேட்டவருக்கு: இல்லை, பாஸ்போர்ட்டே கிடையாது. எங்கள் பயிற்சி வகுப்பில் இதைப் படமாகவே போட்டுக் காட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

தியேட்டர் அக்கா | ஜூன் 7, மதியம் 2.15

விமானி என்றதும் இழை விமான நிலையத்துக்கே போய்விட்டது. "இதெல்லாம் நம்ம ஊர் அடிமைப் புத்தி, வெள்ளைக்காரன் பளிச்சுனு கேட்டுடுவான்" என்று ஒருவர். "டெனெரிஃப் விபத்தில் ஒருத்தனும் வாயே திறக்கல" என்று இன்னொருவர். இரண்டுமே தப்பு.

டெனெரிஃப் என்கிற ஸ்பானியத் தீவு, 1977 மார்ச் 27. பனிமூட்டத்தில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் செத்தார்கள். அனுமதி வருமுன் கிளம்பிய விமானத்தின் கேப்டன் டச்சுக்காரர், கூட இருந்தவர்களும் அப்படியே. அவர் முதலில் வேகத்தைக் கூட்டப் பார்த்தபோது துணை விமானி, இன்னும் அனுமதி வரவில்லை என்று நிறுத்தினார். "தெரியும், டவரில் கேள்" என்றார் கேப்டன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிளம்பினார். இந்தத் தடவை துணை விமானி தடுக்கவில்லை. ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும், அந்த இன்னொரு விமானம் விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அடங்கிவிட்டார்.

தங்கச்சி, உன் இன்சார்ஜ் சொன்ன 'ஒரு தடவை கடமை' இங்கே அப்படியே நடந்திருக்கிறது. முதல் தடவை திருத்தியவனுக்கு இரண்டாவது தடவை திருத்துவது இன்னும் கஷ்டம். இப்போதுதானே ஒன்று சொன்னோம், மறுபடியும் எப்படி என்று நாக்கு பின்வாங்கும். டச்சுக்காரனுக்கும் பின்வாங்கும்.

1978 டிசம்பரில் அமெரிக்காவில் போர்ட்லண்டிலும் இதே கதை. சக்கரத்தில் கோளாறு என்று கேப்டன் அதிலேயே மூழ்கிவிட்டார். கூட இருந்தவர்கள் எரிபொருள் குறைவதைச் சொல்லியும் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சின்னவன் எப்படிச் சொல்வது, பெரியவன் எப்படிக் கேட்பது என்று விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்தது.

நம்ம பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த விமானம், 158 பேர் பலி. இறங்காதே, மறுபடி மேலே போ என்று துணை விமானி சொன்னது குரல்பதிவில் இருக்கிறது. கேப்டன் இறக்கினார். அந்தக் கேப்டன் செர்பியர், துணை விமானி இந்தியர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'புத்தி' ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பதவி இருக்கிற இடத்தில் எல்லாம் தொண்டை அடைக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தியேட்டர் அக்கா | ஜூன் 8, இரவு 9.30

செக்லிஸ்ட் இருந்தால் போதுமே என்கிறார்கள். நானும் ரொம்பக் காலம் அந்தக் கட்சிதான். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்தது, 19 கேள்வி: மயக்கம் கொடுக்குமுன், வெட்டுமுன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கும், சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கும் இறங்கின. கேட்டவர்கள் எல்லாம் அசந்துபோனோம்.

அப்புறம் 2014-ல் கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளைப் பார்த்தார்கள். செக்லிஸ்டைக் கட்டாயமாக்கிய பிறகும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. ஏன் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை. கேஸ் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒருத்தி உட்கார்ந்து 19-க்கும் டிக் அடிப்பதைப் பார்க்காதவர்கள் கை தூக்குங்கள்.

அதில் ஒரு வரி இருக்கிறது, நாம் சிரித்துத் தள்ளிவிடுகிற வரி: வெட்டுமுன் எல்லாரும் அவரவர் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். தினம் பார்க்கிற முகம், எதுக்கு இந்த நாடகம் என்போம். அந்த நாடகத்தில்தான் உன் குரல் முதல் தடவை வெளியே வருகிறது. ஒரு தடவை வந்த குரல் இரண்டாவது தடவை வர அவ்வளவு பயப்படாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் நமக்குக் கிடையாது, வரவும் வேண்டாம். சாரை சாராகவே வைத்துக்கொண்டு நிறுத்தச் சொல்லலாம்.

தியேட்டர் அக்கா | ஜூன் 10, மாலை 6.45

இப்போது மறுபக்கம். இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே வீர வசனம் பேசக் கிளம்புகிறவர்களுக்கு.

ரத்தக்குழாயில் க்ளாம்ப் போட்டுக்கொண்டிருக்கிறார், ரத்தம் பீச்சுகிறது. அந்த நேரத்தில் "சார், ஒரு காஸ் குறையுது" என்று ஆரம்பிக்காதே. மூடும்வரை காஸ் எங்கேயும் போகாது. ரத்தம் நின்றதும் சொல். எதைச் சொல்வது என்பதில் பாதி, எப்போது என்பதுதான். ஆனால் கையுறை ஓட்டையாகிவிட்டது, தப்பான பக்கம் கத்தி வைக்கிறார், மருந்து மாறிவிட்டது என்றால் எந்த நேரமும் நேரம்தான்.

அவர் தையல் போடும் விதம் உனக்குப் பிடிக்கவில்லை, வேறு சர்ஜன் வேறு மாதிரிப் போடுவார் என்பதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், கேஸ் முடிந்த பிறகு, அவர் மூட் பார்த்து.

அட்டெண்டர் முன்னால் பேசாதே. வெளியே பெஞ்சில் மாமியார், நாத்தனார், வீட்டுக்காரர் என்று பத்துப் பேர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "உள்ள என்னம்மா சத்தம்?" என்பார்கள். அவர்களிடம் நோயாளியின் நிலைமையைச் சொல்வது டாக்டர் வேலை. டாக்டர் வந்து சொல்லாமல் நழுவப் பார்த்தால், அதை நீ அவரிடமும் மேலிடத்திலும் கேட்க வேண்டுமே தவிர, பெஞ்சில் உட்கார்ந்து கிசுகிசுக்கக் கூடாது.

டிரெஸ்ஸிங் ரூமில் "இன்னைக்கு அந்தாளுக்குக் கொடுத்தேன் பாரு" என்று கதை விடுவதும் வேண்டாம். அடுத்த முறை நீ சொல்கிற நிஜமான எச்சரிக்கையும் அந்தக் கதையின் அடுத்த பாகமாகத்தான் கேட்கப்படும்.

தியேட்டர் அக்கா | ஜூன் 10, மாலை 6.58

நழுவும் டாக்டர் பற்றி எழுதியதற்கு இரண்டு டாக்டர்கள் கோபமாக இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் நழுவுவதில்லை. போதுமா? எங்கள் பக்கத்தில் ஒரு வயசான சர்ஜன் இருக்கிறார். நாம் சொல்லும்வரை காத்திருக்க மாட்டார், ஷீத்துக்கு முன் கையை மடக்கிக்கொண்டு நின்று, "சிஸ்டர், கணக்கு சொல்லுங்க" என்பார். சொல்லாமல் ஊசியை வாங்கவே மாட்டார். அவர் கேஸில் புதுப்பெண்கள்கூடத் திக்காமல் பேசுவார்கள். குரல் அவர்களுக்குள்ளேதான் இருந்தது, கேட்கிற காது கிடைத்ததும் வந்துவிட்டது.

இது ஸ்டாஃபுக்கும் பொருந்தும். நாம் சாரிடம் எதிர்பார்ப்பதை, தியேட்டர் கூட்டுகிற அக்காவுக்கு நாம் கொடுக்கிறோமா? பக்கெட்டைக் கடைசியாகப் பார்ப்பது அவர்தான். "சிஸ்டர், இதுல ஒண்ணு கிடக்கு" என்றால் "நீ உன் வேலையப் பாரு" என்று விழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தியேட்டர் அக்கா | ஜூன் 13, அதிகாலை 3.30

வார்டில் இருக்கிறவர்கள் கேட்டது: நடுராத்திரியில் சீஃப் டாக்டருக்குப் போன் போட பயம்.

போன் போடு. ஆனால் போடுமுன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள். "சார், அந்த அஞ்சாம் நம்பர் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் அரைத் தூக்கத்தில் "காலைல பார்க்கலாம்" என்றுதான் வரும். "சார், அஞ்சாம் பெட், சாயந்திரம் பிரசவமான அம்மா. பல்ஸ் 130, பிபி 80/50, பேட் மாத்தி மாத்தி நனையுது, வயிறு இறுகாம தொளதொளன்னு இருக்கு. நீங்க இப்ப வரணும்." இதற்கு யாரும் தூங்கிவிட மாட்டார்கள். கடைசி வாக்கியம்தான் நம்மவர்கள் விழுங்கிவிடுவது. நிலைமையை அழகாகச் சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் "சரிங்க சார்" என்று வைத்துவிடுவார்கள்.

வர முடியாது என்றால் டியூட்டி டாக்டர், அவரும் அசையவில்லை என்றால் சூப்பரின்டென்டெண்ட். இது போட்டுக்கொடுப்பது இல்லை, ஏணி அப்படித்தான் வைத்திருக்கிறது. "உங்களுக்குச் சொல்லிட்டேன் சார், சூப்பரின்டென்டெண்ட் மேடத்துக்கும் சொல்றேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு மேலே ஏறு. முதுகுக்குப் பின்னால் ஏறாதே.

தியேட்டர் அக்கா | ஜூன் 16, இரவு 8.20

தங்கச்சி எழுதியதைப் பார்த்தேன். நேற்று மறுபடி கணக்கு இடித்ததாம், அதே சர்ஜன். "சார், கவுண்ட் முடியல, நிறுத்துங்க" என்றாளாம். முறைத்தாராம். திரும்பச் சொன்னாளாம். கையை விட்டுப் பார்த்தாராம், இல்லை. துணி மூட்டையில் கிடைத்ததாம். "பார்த்தியா, வெளியதானே இருந்தது" என்று திட்டினாராம். இவள் கேட்கிறாள், நான் சொன்னது வீண்தானே என்று.

வெளியே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மூடினார். அதற்குத்தானே எண்ணுகிறோம். திட்டைத் தனியாக எடுத்துவை.

கிடைக்காமலே போயிருந்தால்: எக்ஸ்ரே. மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் வைத்துத் தைத்திருப்பது அதற்குத்தான். எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு. உன் வேலை எழுதுவது: இத்தனை மணி, எண்ணிக்கை பொருந்தவில்லை, சர்ஜனுக்குத் தெரிவிக்கப்பட்டது, எக்ஸ்ரே வேண்டாம் என்றார். உள்ளது உள்ளபடி, ஒரு உரிச்சொல் இல்லாமல். எழுதப் போகிறேன் என்று மிரட்டலாகச் சொல்லாதே, "சார், நோட்ல எழுதணும், என்ன எழுதட்டும்?" என்று கேள். பல சமயம் அந்தக் கேள்விக்கே எக்ஸ்ரே வந்துவிடும்.

தியேட்டர் அக்கா | ஜூன் 17, காலை 7.40

"எக்ஸ்ரே காசு யார் தலையில்?" என்று கேட்டவருக்கு: நோயாளி பில்லில் ஏற்றுவது அநியாயம் என்பது என் கட்சி. ஆஸ்பத்திரிதான் ஏற்க வேண்டும். பில்லிங் செக்‌ஷனோடு நான் போட்ட சண்டையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஊசி பற்றிக் கேட்டவருக்கு: மாப் மாதிரி இல்லை. ரொம்பச் சின்னத் தையல் ஊசி எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், அதனால் ஒவ்வொரு ஊசியும் திரும்பி வந்த உடனே எண்ணு, கடைசிக்கு வைக்காதே. உடைந்திருந்தால் இரண்டு துண்டும் வேண்டும். கண் ஆபரேஷன் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஊசிக் கதையை எழுதுங்கள், எனக்கு அந்தத் தியேட்டர் பழக்கமில்லை.